மருந்தும் பார்வையும்: அபேயோகுட்டாவின் நான்கு கிராமங்கள்

(இணையவழி இலக்கியக் கூடுகையில் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ரொறன்ரோவில் காலை. சென்னை நண்பர்கள் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அமர்ந்திருக்கிறீர்கள். சிட்னியில் நள்ளிரவு. எல்லாருக்கும் நன்றி.

சென்ற அமர்வில் ஆப்பிரிக்க நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "இந்த நாவல்களில் வரும் நாட்டு வைத்தியர் ஒன்று ஏமாற்றுக்காரராக இருக்கிறார், அல்லது அற்புதம் செய்பவராக இருக்கிறார். உண்மையில் அவர் யார்? நவீன மருத்துவம் அங்கே போனபோது அவருக்கு என்ன ஆயிற்று?" நேரமில்லாததால் அன்று பதில் சொல்லவில்லை. இன்று அதற்கு ஒரே ஓர் ஊரின் வரலாற்றை வைத்துப் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஆப்பிரிக்கா ஒரு நாடல்ல, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். "ஆப்பிரிக்க மருத்துவம்" என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் சொன்னதாகாது.

அந்த ஊருக்குப் போகும் முன் எனக்கு இந்த விஷயத்தில் ஏன் அக்கறை வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் கனடா வந்து இரண்டு வருடம். வயது பதினைந்து. என் தாய்மாமா எங்களுக்கு முன்பே வந்தவர். மாமியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மாமா இரவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. ஒரு குளிர்காலத்தில் அவர் தூங்குவதை நிறுத்திவிட்டார். யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொன்னார். கடைசியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. மருத்துவர் நல்ல மனிதர். மொழிபெயர்க்க ஆளில்லை, அதனால் என்னை உட்காரவைத்தார்கள்.

மாமா சொன்னார்: "பிள்ளை, டொக்டரிட்டச் சொல்லு. எனக்கு ஒருக்காப் பார்வை பார்க்க வேணும். மருந்து வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. மருந்தும் குடிக்கிறன். ஆனா பார்வையும் பார்க்க வேணும்."

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு விளங்கும். வேப்பிலையும் திருநீறும் வைத்துக்கொண்டு, மந்திரம் சொல்லி, நாவூறும் தோஷமும் கழிக்கிற சடங்கைத்தான் அங்கே "பார்வை பார்க்கிறது" என்போம். எனக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கே சின்ன வயதில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த வெள்ளை அறையில், அந்த மருத்துவருக்கு முன்னால், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "கண் பார்வை சரியில்லையாம், சோதிக்கச் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் அக்கறையோடு குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் மாமாவுக்குக் கண் பரிசோதனை நடந்தது.

இப்போது சிரிக்கலாம். ஆனால் ஒரு நோயாளி தன் நோயைப் பற்றிச் சொன்ன மிக முக்கியமான வாக்கியத்தை நான் அந்த அறையில் இல்லாமல் செய்துவிட்டேன். பல வருடம் கழித்து நைஜீரியாவின் மருத்துவ வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, இதே சிக்கலை ஒருவர் 1954-லேயே எடுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் பெயர் தாமஸ் அடேயோயே லாம்போ.

*

அபேயோகுட்டா தென்மேற்கு நைஜீரியாவில், ஓகுன் ஆற்றங்கரையில் உள்ள ஊர். யொரூபா மொழியில் அந்தப் பெயருக்குப் "பாறைக்கு அடியில்" என்று பொருள். ஒலுமோ என்ற பெரிய பாறையின் அடியில், 1830 வாக்கில் போருக்குத் தப்பி வந்த எக்பா மக்கள் உருவாக்கிய ஊர். நம் கூடுகைக்கு இன்னொரு விதத்திலும் தெரிந்த ஊர்தான். நோபல் பரிசு பெற்ற வோலே சோயின்கா அங்கே பிறந்தவர். இசைக்கலைஞர் ஃபெலா குட்டியும் அந்த ஊர்க்காரர்.

லாம்போவும் அங்கேதான் 1923-இல் பிறந்தார். அங்கே பள்ளிப் படிப்பு. பிறகு இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருத்துவம். ஊர் திரும்பிச் சில காலம் அரசு மருத்துவராக வேலை பார்த்தார். மறுபடி லண்டன் போய் மனநல மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். மேற்கத்திய முறையில் மனநல மருத்துவம் பயின்ற முதல் நைஜீரியர் என்று அவரைச் சொல்வார்கள்.

அவர் திரும்பிவந்தபோது நைஜீரியாவில் மனநோயாளிகளுக்கு என்ன இருந்தது? ஆங்கிலேய ஆட்சி 1904-இல் கலபாரிலும் 1907-இல் லாகோஸின் யாபாவிலும் காப்பகங்களைத் திறந்திருந்தது. "பைத்தியக்கார விடுதி" என்றுதான் அவற்றுக்குப் பெயர். தெருவில் தொல்லை தருபவர்களைப் பிடித்து அடைத்துவைக்கும் இடங்கள் அவை. வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்ட நைஜீரியச் சிப்பாய்கள் சிலர் மனம் குலைந்து ஊர் திரும்பினார்கள். 1944-இல் அவர்களை வைக்க அபேயோகுட்டாவில் லாண்டோரோ என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஒரு பழைய சிறைச்சாலை. அபேயோகுட்டாவின் மனநல மருத்துவம் ஒரு சிறையில்தான் தொடங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியைப் பற்றிப் பிறகு பேசப்போகிறேன். அப்போது, சங்கிலி நாட்டு வைத்தியரிடம் மட்டும் இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அந்தக் காலத்து அறிவியல் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கென்யாவில் மனநல மருத்துவமனையை நடத்திய ஜே. சி. கரோதர்ஸ் 1953-இல் ஆப்பிரிக்க மனத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெளியிட்டது உலக சுகாதார நிறுவனம். சாதாரண ஆப்பிரிக்கரின் மனம், மூளையின் முன்பகுதியில் அறுவை செய்யப்பட்ட ஐரோப்பியரின் மனத்தை ஒத்திருக்கிறது என்பது அதில் உள்ள வாதங்களில் ஒன்று. மனச்சோர்வு நோய் ஆப்பிரிக்கர்களிடம் அரிது என்றும் அவர் சொன்னார். துயரப்படக்கூட ஒரு தகுதி வேண்டும், அது இவர்களிடம் இல்லை என்பதுபோல.

லாம்போ இத்தகைய எழுத்துகளை, இனச்சார்பு கலந்த கதைகள் அறிவியல் வேடம் போட்டு வருகின்றன என்ற பொருளில் வெளிப்படையாகவே விமர்சித்தார். அதோடு நிற்காமல் ஒரு மருத்துவமனை நடத்திக் காட்டினார்.

*

1954-இல் அபேயோகுட்டாவுக்கு வெளியே ஆரோ என்ற இடத்தில் புதிய மனநல மருத்துவமனை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பொறுப்பு லாம்போவிடம் வந்தது. கட்டடம் முழுதாக முடியும்வரை காத்திருக்கலாம். அவர் காத்திருக்கவில்லை. மருத்துவமனையைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் நான்கு கிராமங்கள் இருந்தன. விவசாயக் குடும்பங்கள் வாழும் சாதாரண யொரூபா கிராமங்கள். லாம்போ ஊர்த் தலைவர்களிடமும் பெரியவர்களிடமும் போய்ப் பேசினார். எங்கள் நோயாளிகளை உங்கள் வீடுகளில் வாடகைக்குத் தங்கவைக்க முடியுமா என்று கேட்டார்.

நிபந்தனை ஒன்றுதான். நோயாளி தனியாக வரக் கூடாது. அம்மாவோ, அக்காவோ, அண்ணனோ, சித்தியோ, குறைந்தது ஒரு உறவினர் கூடவே வந்து தங்க வேண்டும். அவர் சமைத்துக் கொடுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். காலையில் நோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், பிற்பகலில் கிராமத்துக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும். பகலில் மருத்துவமனையில் அன்றைய நவீன சிகிச்சைகள் எல்லாம் உண்டு. மின்னதிர்ச்சி, இன்சுலின் சிகிச்சை, அப்போதுதான் வந்திருந்த குளோர்புரோமசின் மாத்திரை. மாலையில் கிராமத்து வாழ்க்கை. விவசாய வேலையில் கை கொடுக்கலாம். திருவிழா வந்தால் ஆடலாம். தேவாலயம் போகிறவர் தேவாலயம், பள்ளிவாசல் போகிறவர் பள்ளிவாசல். பழைய தெய்வங்களை வணங்குகிறவருக்கு அதற்கான இடமும் இருந்தது.

கிராமத்தார் இதற்கு ஏன் ஒத்துக்கொண்டார்கள்? நல்ல மனம் மட்டும் காரணமில்லை. வீட்டில் கூடுதல் அறை கட்ட மருத்துவமனை கடன் கொடுத்தது. வாடகை வந்தது. குழாய்த் தண்ணீர் வந்தது, கழிப்பறை வந்தது, கொசு ஒழிக்க ஆட்கள் வந்தார்கள். சிலருக்கு மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. நோயாளிகள் வந்ததால் ஊர் முன்னேறியது. லாம்போ இதில் கெட்டிக்காரர். ஒருவர்மேல் இரக்கப்படுங்கள் என்று ஊரிடம் கேட்டால் ஒரு மாதம் இரக்கப்படும். இரண்டு பக்கத்துக்கும் பயன் இருந்தால் ஏற்பாடு நிற்கும்.

பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரில் பல நூற்றாண்டுகளாக மனநோயாளிகளை வீடுகளில் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. ஆரோவை அதோடு ஒப்பிடுவார்கள். ஒரு வித்தியாசம்: கீலில் நோயாளி அந்நியக் குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளைபோல் இருப்பார். ஆரோவில் அவருடைய சொந்த உறவே கூட வந்து உட்கார்ந்தது.

*

இனி நாட்டு வைத்தியர். யொரூபாவில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வோம். ஒன்று "ஓனிஷேகுன்": வேர், பட்டை, இலை அறிந்த மருந்துக்காரர். யாழ்ப்பாணத்தில் பரியாரியார், தமிழ்நாட்டில் நாட்டு வைத்தியர் என்று சொல்கிறோமே, அவர். மற்றொன்று "பாபலாவோ": ரகசியங்களின் தந்தை என்று பொருள். அவர் இஃபா என்ற குறிபார்க்கும் முறையில் தேர்ந்தவர். பதினாறு பனங்கொட்டைகளைக் கையாண்டு வரும் குறிகள் மொத்தம் 256. ஒவ்வொன்றுக்கும் உரிய பாட்டுகளையும் கதைகளையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பல வருடப் பயிற்சி அது. ஒருவகையில் பாபலாவோ ஒரு வாய்மொழி இலக்கிய நூலகம். இலக்கியக் கூடுகையில் இதை அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

லாம்போ நாட்டு வைத்தியர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்துத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் மருத்துவமனைக்குள் வேர் அரைத்துக் கொடுத்ததாகவும், ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் கஷாயம் என்று நடந்ததாகவும் சொல்வார்கள். லாம்போ எழுதியவற்றைப் பார்த்தால் விஷயம் வேறு. கிராமங்களில் நோயாளிகளின் கூட்டு நிகழ்ச்சிகளையும் சடங்குகளையும் அவர்கள் நடத்தினார்கள். நோயாளி சொல்வதற்கு அவருடைய பண்பாட்டில் என்ன பொருள் என்று மருத்துவருக்கு விளக்கினார்கள். ஒருவர் "என் சகோதரன் மனைவி எனக்கு வைத்துவிட்டாள்" என்று சொன்னால், அது நோயின் பிதற்றலா, ஊரில் எல்லாரும் இயல்பாகச் சொல்லும் பேச்சா என்று பிரித்துச் சொல்ல லண்டன் பாடப்புத்தகத்தால் முடியாது. ஊரறிந்த ஒருவரால் முடியும்.

நான் பதினைந்து வயதில் அந்த அறையில் செய்யத் தவறிய வேலை அதுதான். ஆரோவில் அதற்கென்று ஆள் வைத்திருந்தார்கள்.

லாம்போ மந்திரத்தை நம்பினாரா என்று கேட்பார்கள். அவர் முழுக்க நவீன மருத்துவர். ஆனால் நோய் வந்தவனுக்கு இரண்டு கேள்விகள் உண்டு என்பதை அறிந்திருந்தார். "இது எப்படி வந்தது?" என்பது ஒன்று. "எனக்கு ஏன் வந்தது?" என்பது மற்றொன்று. மருந்து முதல் கேள்விக்கு வேலை செய்யும். இரண்டாவது கேள்வியை மருத்துவமனை காதிலேயே வாங்கிக்கொள்ளாது. கேள்வி அதனால் மறைந்துபோவதில்லை. நோயாளி மருந்தை வாங்கிக்கொண்டு, அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இன்னொரு வாசலுக்கு ரகசியமாகப் போவார். ரகசியமாகப் போகும்போதுதான் ஆபத்து.

*

என்ன ஆபத்து என்பதற்கு ஒரு வேரின் கதையைச் சொல்கிறேன். இதில் இந்தியாவும் வருகிறது.

1950-களின் பிற்பகுதியில் ரேமண்ட் பிரின்ஸ் என்ற கனடிய மனநல மருத்துவர் நைஜீரியாவில் வேலை செய்தார். யொரூபா வைத்தியர்களிடம் போய் உட்கார்ந்து அவர்கள் முறைகளைக் கவனித்தார். வெறி பிடித்து ஆடும் நோயாளியை அமைதிப்படுத்த அவர்கள் ஒரு வேரைக் கொடுத்தார்கள். தாவரவியல் பெயர் ராவோல்ஃபியா வோமிட்டோரியா. இந்தியாவில் சர்ப்பகந்தா என்று அழைக்கும் செடியின் நெருங்கிய உறவு அது. சர்ப்பகந்தாவும் இந்திய வைத்தியத்தில் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டது. 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், உயர் இரத்த அழுத்தத்துக்கு அது பயன்படுவதை பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதி உலகின் கவனத்தைத் திருப்பினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. சில வருடங்களுக்கு ரெசர்பின் உலகெங்கும் மனநல மருத்துவமனைகளில் கொடுக்கப்பட்டது.

இரண்டு கண்டங்களில், வேறு வேறு மொழி பேசும் வைத்தியர்கள், உறவுச் செடிகளின் வேரை ஒரே நோய்க்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆப்பிரிக்கச் செடியும் பின்னாளில் ரெசர்பின் எடுக்கும் மூலப்பொருளாயிற்று. காப்புரிமை எந்த நாட்டு வைத்தியர் பெயரிலும் இல்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பெருமையோடு நிறுத்திவிட முடியாது. அந்த வேரின் அளவு கூடினால் இரத்த அழுத்தம் அபாயமாக இறங்கும். நோயாளி மயங்கி விழலாம். ரெசர்பின் சிலரைக் கடும் மனச்சோர்வில் தள்ளியதாகவும் பதிவுகள் உண்டு. அதைவிட நல்ல மருந்துகள் வந்தபின் மனநல மருத்துவம் அதைக் கைவிட்டது. இப்போது நினைத்துப் பாருங்கள்: காலையில் மருத்துவமனையில் குளோர்புரோமசின். அதுவும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இரவில் வைத்தியர் வீட்டில் அந்த வேர். இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது. நோயாளியின் உடம்பில்தான் இரண்டும் சந்திக்கின்றன. "இரண்டையும் சேர்ப்பது நல்லதா?" என்று நாம் விவாதிக்கிறோம். நோயாளி கேட்காமலே சேர்த்துக்கொண்டிருக்கிறார். அது வெளிச்சத்தில் நடக்கிறதா, இருட்டில் நடக்கிறதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

*

1961-இல் அபேயோகுட்டாவில் முதல் அனைத்து ஆப்பிரிக்க மனநல மருத்துவ மாநாடு நடந்தது. அந்த ஆண்டிலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் லைட்டனும் லாம்போவும் சேர்ந்து யொரூபா கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். லைட்டன் அதற்கு முன் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இதே போன்ற ஆய்வை நடத்தியிருந்தார். கனடிய மீனவர், விவசாயிகளிடம் கண்ட மனநோய் அறிகுறிகளையும் யொரூபா விவசாயிகளிடம் கண்டவற்றையும் ஒப்பிட முடிந்தது. அவை பெரிதும் ஒத்திருந்தன. இந்த ஆய்வுக்கும் நாட்டு வைத்தியர்கள் உதவினார்கள். எந்த நோயை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று சொன்னவர்கள் அவர்களே. "மனச்சோர்வு" என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் யொரூபாவில் கிடைக்கவில்லை. ஆனால் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை என்று அறிகுறிகளைச் சொன்னபோது ஊரார் அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்தத் துயரத்தோடு வாழும் மனிதர்களும் இருந்தார்கள். ஆப்பிரிக்கருக்கு மனச்சோர்வு அரிது என்ற கரோதர்ஸின் வாதத்துக்கு இதுவே பதில். ஒரு சொல் இல்லாததை ஒரு நோய் இல்லாததாக எடுத்துக்கொள்ளும் தவறு எளிதில் நேரும்.

செனகலின் டகாரிலும் இதே காலத்தில் ஃபான் மருத்துவமனையில் ஆன்றி கொலோம் என்ற பிரெஞ்சு மருத்துவர் வேறொரு பாதையில் நடந்தார். ஊர் மரத்தடியில் கூடிப் பேசும் வோலோஃப் வழக்கத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். நோயாளி, உறவினர், தாதி, மருத்துவர் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. அங்கேயும் நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்கும் முறை வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 1960-களின் இறுதியில் ஒன்பது நகரங்களில் மனச்சிதைவு நோயைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. நைஜீரியாவின் இபாதானும் இந்தியாவின் ஆக்ராவும் அதில் இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இந்த இரண்டு ஊர் நோயாளிகள், பணக்கார நாட்டு நோயாளிகள் பலரைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். குடும்பம்தான் காரணம் என்று பலர் எழுதினார்கள். ஆய்வுமுறையில் குறை கண்டு மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

லாம்போ பின்னர் இபாதான் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அதன்பின் உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராக 1988 வரை இருந்தார். 1953-இல் கரோதர்ஸின் நூலை வெளியிட்ட அதே நிறுவனம். 1978-இல் அல்மா-ஆட்டாவில் அந்த நிறுவனம் கூட்டிய மாநாட்டின் பிரகடனம், ஆரம்ப சுகாதாரப் பணியில் பாரம்பரிய வைத்தியர்களுக்கும் தேவைக்கேற்ப இடம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. லாம்போ 2004-இல் காலமானார்.

*

இதோடு முடித்தால் நல்ல கதைதான். ஆனால் வரலாறு அப்படி நிற்கவில்லை.

ஆரோ மருத்துவமனை இன்றும் இயங்குகிறது, பெரிய நிறுவனமாக. ஆனால் அந்தக் கிராம முறை நாடெங்கும் பரவவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. அந்த முறையின் தூண் கூட வந்து தங்கும் உறவினர். மாதக்கணக்கில் வேலையை விட்டுவிட்டு ஒருவர் வர வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாக இருப்பார். அவர் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார் என்று யாரும் கணக்கு எழுதவில்லை. குடும்பங்கள் நகரத்துக்குப் போய் ஆளுக்கொரு வேலை என்று ஆனபின் அந்தத் தூண் நிற்பது கடினம்.

கிராமத்துக்கு வெளியே சங்கிலி தொடர்ந்தது. 2019-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் நைஜீரியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், மனநலப் பாதிப்புள்ளவர்கள் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருப்பது பதிவாகியது. பாரம்பரிய வைத்திய நிலையங்களில், கிறிஸ்தவ, இஸ்லாமிய நிலையங்களில், அரசு இடங்களில்கூட. காலனிய காலத்துச் சட்டத்தை நீக்கி நைஜீரியா புதிய மனநலச் சட்டம் கொண்டுவந்தது 2023-இல்தான்.

நாம் தமிழர்கள் இதைக் கேட்டு வருத்தப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்கள் ஓடியிருப்பார்கள், சங்கிலி இல்லாவிட்டால். அதற்குப் பிறகு அங்கே தர்காவை இழுத்து மூடிவிடவில்லை. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவரும் மாத்திரையும் கிடைக்கும்படி ஒரு திட்டம் வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் என்பது அதன் பெயரின் பொருள். லாம்போ கேட்டால் தலையசைத்திருப்பார்.

இப்படிச் சேர்ப்பது வேலை செய்யுமா என்பதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இபாதானைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஓயே குரேஜேவும் அவருடைய குழுவும் நைஜீரியாவிலும் கானாவிலும் செய்த ஆய்வு 2020-இல் லான்செட் இதழில் வந்தது. பாரம்பரிய வைத்தியர்களிடமும் பிரார்த்தனை நிலையங்களிலும் தங்கியிருந்த 307 மனநோயாளிகள். ஒரு பிரிவில், ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் அந்த இடங்களுக்கே போய் வைத்தியருடன் சேர்ந்து சிகிச்சை கொடுத்தார்கள். மறுபிரிவில் வழக்கம்போல் நடந்தது. ஆறு மாதத்தில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களின் நோய் தெளிவாகக் கூடுதலாகக் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு. கட்டிவைப்பது, பட்டினி போடுவது போன்ற தீங்கான பழக்கங்கள் ஆறு மாதத்தில் மிகவும் குறைந்தன. ஆனால் இரண்டு பிரிவிலுமே குறைந்தன, பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. கூட்டு முயற்சியால்தான் சங்கிலி அவிழ்ந்தது என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. நோய் குறையும், அவ்வளவு சொல்லலாம். சங்கிலிக்கு எதிராகச் சட்டமும் கண்காணிப்பும் தனியாக வேண்டும். பாரம்பரியத்தை மதிக்கிறேன் என்று சொல்கிறவர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டால் அந்த மதிப்புக்கு அர்த்தமில்லை.

நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். நாட்டு வைத்தியர் எங்கும் போகவில்லை. நவீன மருத்துவம் வந்தபின்னும் மக்கள் அவரிடம் போய்க்கொண்டேயிருந்தார்கள். லாம்போ அவருடைய வேரைவிட, நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்ளும் அவருடைய திறமையைத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரு உறவினரையும், ஓர் ஊரையும்.

*

லாம்போ செய்த இன்னொரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் படிக்கப்போன நைஜீரிய மாணவர்களின் நலனைப் பற்றி அவர் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். குளிரும் தனிமையும் நிறவெறியும் தேர்வுப் பயமும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளில் சிலர் மனம் குலைந்துபோனார்கள். சிலரை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர்களோடு கூட வந்து தங்க அங்கே ஒரு சித்தி இல்லை. புலம்பெயர்ந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

என் மாமா மாத்திரை சாப்பிட்டார், தேறினார். சில வருடங்களில் மாமி வந்து சேர்ந்தார். வரும்போது ஊர்க் கோயில் திருநீறும் ஒரு மந்திரித்த நூலும் கொண்டுவந்தார். மாமா நூலைக் கட்டிக்கொண்டார். மாத்திரையையும் விடவில்லை. எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவருடைய மருத்துவர்கள் யாருக்கும் அந்த நூலைப் பற்றித் தெரியாது.

அவர் இறப்பதற்குச் சில மாதம் முன், ஒருநாள் அவரை மருத்துவமனையிலிருந்து காரில் கூட்டிவந்துகொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்.

"அண்டைக்கு நீ டொக்டரிட்ட நான் சொன்னதைச் சொல்லேல்லை, என்ன?"

நான் பேசவில்லை.

"'ஐ' எண்டால் கண் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அவ்வளவு இங்கிலீசு எனக்கும் தெரியும்."

கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தார். இன்று உங்களில் யாராவது அப்படியொரு அறையில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மொழிபெயர்க்க உட்கார்ந்தால், அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். மருத்துவர் சிரிக்க மாட்டார். சிரித்தாலும் பரவாயில்லை.